‘காரணம்’ என்றொரு கட்டம்

மயக்கும் மூலி: வரலாற்றுத் தொடர் – 9

சென்னையில் ஒருவர் ஏறுமாறாகப் பேசினால் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்பார்கள். புணேயில் அதே கேலிக்கு ‘எரவாடா’ என்ற பெயர் போதும். மராட்டியர் காதில் அந்தப் பெயருக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, காந்தியை அடைத்து வைத்த சிறை. மற்றொன்று, அந்த வட்டாரத்திலேயே உள்ள மனநல மருத்துவமனை. 2,540 படுக்கைகளுக்கு அனுமதி பெற்ற அது, ஆசியாவின் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வளாகம் அது. அதற்கு முன்பு பூனாவில் இருந்தது அளவில் சிறியதொரு காப்பகம். அன்றைய அரசு ஆவணங்கள் ஒளிவுமறைவில்லாமல் ‘பைத்தியக்கார விடுதி’ என்றுதான் அதைக் குறிப்பிட்டன.

பம்பாய் மாகாணத்தில் அப்படிப்பட்ட விடுதிகள் கொலாபா, பூனா, தார்வாட், ரத்னகிரி, அகமதாபாத், சிந்து ஹைதராபாத் ஆகிய ஊர்களில் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் படிவம். பெயர், வயது, சாதி, தொழில், எத்தனை நாளாக இப்படி என்ற விவரங்களுக்குப் பிறகு ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வரும். இந்த வாரக் கதை முழுவதும் அந்தக் கட்டத்துக்குள்தான் நடக்கிறது.

கட்டத்தை நிரப்பியது யார்? மருத்துவர் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. சந்தையிலோ சாவடியிலோ தன்னந்தனியாகக் கத்திக்கொண்டு திரிகிற ஒருவரை முதலில் பிடிப்பவர் போலீஸ்காரர். ஊர்க்காரர்கள் நாலு பேரை நிறுத்தி, ‘இவனுக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்பார். கேட்டதும் பதில் வந்துவிடும்: ‘கஞ்சா அடிப்பான் சாமி.’ அது மாஜிஸ்திரேட் மேஜைக்குப் போகும். அங்கிருந்து காகிதத்தோடு ஆளும் விடுதிக்கு வந்து சேருவார். விடுதியின் கண்காணிப்பாளர் பெரும்பாலும் அந்த மாவட்டத்தின் சிவில் சர்ஜன். பொது மருத்துவமனை, சிறை, பிணப் பரிசோதனை என்று நாலு வேலைகளுக்கு நடுவே விடுதி அவருக்கு ஐந்தாவது வேலை. நோயாளியின் மொழி அவருக்குப் பாதி புரியும், பாதி புரியாது. போலீஸ் காகிதத்தில் இருந்த சொல்லை அப்படியே பேரேட்டில் ஏற்றிவிடுவார். ‘தெரியாது’ என்று எழுதுவதைவிட எதையாவது எழுதுவது அலுவலகத்துக்கு அழகு. இது அந்தக் காலத்துக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல.

ஆண்டு முடிவில் கட்டங்களைக் கூட்டி அட்டவணை போட்டார்கள். அட்டவணை கல்கத்தாவுக்குப் போயிற்று, அங்கிருந்து லண்டனுக்கும் போயிற்று. போலீஸ்காரர் கேட்டு எழுதிய ஊர்ப்பேச்சு, கடல் தாண்டும்போது மருத்துவப் புள்ளிவிவரமாகிவிட்டது.

1893 மார்ச் 2. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் டபிள்யூ. எஸ். கெய்ன் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மதுவிலக்குக்காகவே வாழ்ந்த மனிதர் அவர். இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகச் சுற்றியவர், காங்கிரஸ்காரர்களுக்கு நண்பர். வங்காளத்தில் கஞ்சா எப்படிப் பயிராகிறது, எப்படி விற்பனையாகிறது, மக்களின் உடலையும் ஒழுக்கத்தையும் அது என்ன செய்கிறது, அதைத் தடை செய்யலாமா என்று விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்றார். அமைச்சர் கிம்பர்லி பிரபு சம்மதித்தார். இந்திய அரசு ஒரு படி மேலே போய், வங்காளம் மட்டும் எதற்கு, நாடு முழுவதையும் விசாரிப்போம் என்றது. 1893 ஜூலையில் ஆணை வந்தது. ஆகஸ்ட் 3 அன்று கல்கத்தாவில் முதல் கூட்டம்.

ஏழு பேர் கொண்ட குழு. தலைவர் மாக்வொர்த் யங், பஞ்சாபில் வருவாய்த் துறையின் உச்சியில் இருந்தவர். பம்பாய் மாகாணத்தின் சார்பில் பஞ்ச மஹால் கலெக்டர் ஓமனி. மத்திய மாகாணத்திலிருந்து ஆண்ட்ரூ ஃபிரேசர். இவர்தான் பின்னாளில் வங்காளத் துணைநிலை ஆளுநராகிப் புரட்சியாளர்களின் வெடிகுண்டுக்குக் குறியானவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வார்டன். இந்தியர்கள் மூவர்: தாஹிர்பூர் ராஜா சசி சிகரேஸ்வர் ராய், முசாபர்நகர் லாலா நிஹால் சந்த், கபூர்தலா அரச குடும்பத்தைச் சேர்ந்த கன்வர் ஹர்நாம் சிங். கடைசிப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அவருடைய மகள் அப்போது சின்னஞ்சிறுமி. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரான ராஜ்குமாரி அம்ரித் கௌர்தான் அந்த மகள்.

வார்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பம்பாயில் இருந்த டைமாக், ஊட்டியில் சின்கோனா ஆராய்ச்சி பார்த்துக்கொண்டிருந்த டேவிட் ஹூப்பர் ஆகியோரோடு சேர்ந்து ‘ஃபார்மகோகிராஃபியா இண்டிகா’ என்ற பெரிய மூலிகை நூலை எழுதியவர் அவர். குழுவில் செடியை ரசாயனமாகவும் அறிந்த ஆள் இவர் ஒருவரே.

70 கேள்விகள் அச்சடித்து நாடெங்கும் அனுப்பினார்கள். செடி எங்கே விளைகிறது, யார் புகைக்கிறார்கள், என்ன விலை, குடித்தால் பசி எடுக்குமா, அடங்குமா, சாமி காரியத்துக்கு வேண்டுமா, மாட்டுக்குக் கொடுப்பதுண்டா, புத்தி பேதலிக்குமா. மொத்தம் 1,193 சாட்சிகள். அவர்களில் 335 பேர் மருத்துவம் பார்ப்பவர்கள். மற்றவர்களில் கலெக்டர்கள், பாதிரிகள், சாகுபடிக்காரர்கள், கஞ்சாக் கடைக்காரர்கள் எல்லாரும் உண்டு.

அந்த ஆண்டு பம்பாய் மாகாணத்தில் கஞ்சாவைவிடச் சூடான விஷயங்கள் பல இருந்தன. ஆகஸ்டில் பம்பாயில் இந்து – முஸ்லிம் கலவரம் வெடித்தது. பூனாவில் வீட்டுப் பிள்ளையார் தெருவுக்கு வந்து, திலகரின் கையில் அரசியல் ஊர்வலமாகிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் மாகாண அரசே பூனாவுக்குக் குடிபெயரும். கணேஷ்கிண்ட் மாளிகையில் ஆளுநர் ஹாரிஸ் பிரபு இருந்தார். அவர் நிர்வாகத்தைவிடக் கிரிக்கெட்டை அதிகம் கவனிக்கிறார் என்று பத்திரிகைகள் முணுமுணுத்த காலம். அந்த மாளிகை இன்று புணே பல்கலைக்கழகம்.

பூனாவுக்கு வடகிழக்கே அகமத்நகர் மாவட்டம் மாகாணத்தின் முக்கியமான கஞ்சாச் சீமைகளில் ஒன்று. கஞ்சா விளைவிப்பது வேலை மிகுந்த விவசாயம். செடியில் ஆண் பெண் என்று இரண்டு உண்டு. காசு பெண் செடியின் பூங்கொத்தில்தான் இருக்கிறது, அதுவும் விதை பிடிக்காதவரைதான். ஓர் ஆண் செடி வயலில் தப்பி நின்றால் போதும், அதன் மகரந்தம் சுற்று வட்டாரத்தையே விதையாக்கிவிடும். ஆகவே இளம் பருவத்திலேயே வரிசை வரிசையாக நடந்து ஆண் செடிகளைத் தேடிப் பிடுங்க வேண்டும். வங்காளத்தில் இதற்கென்றே கைராசிக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் வயலுக்குள் நடந்தால் பின்னால் ஆள் போய்ப் பிடுங்குவான். அறுத்த பூங்கொத்தை வெயிலில் காயப்போட்டு, காலால் மிதித்து மிதித்துத் தட்டையாக்குவார்கள். மிதிக்க மிதிக்கப் பிசின் கொத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தட்டைக் கொத்துதான் கடைக்கு வருகிற கஞ்சா.

இலையும் விதையுமாக அம்மியில் அரைத்துக் குடிப்பது பாங். பிசினை மட்டும் வழித்து எடுத்தால் சரஸ். இந்த மூன்றும் ஒரே செடிதான் என்றாலும், குடிக்கிறவர்கள் ஒருவரையொருவர் ஒரே ஜாதியாக நினைத்ததில்லை. மிளகு, சோம்பு, கசகசா, சர்க்கரை, பால் சேர்த்து அரைத்த பாங்கை ஹோலியன்று வீட்டுப் பெரியவரும் குடிப்பார். சிலிம் என்ற புகைக்குழலைப் பிடித்துக் கஞ்சா இழுப்பவன் அதே பெரியவர் கண்ணுக்குத் தறுதலை. மராட்டியில் ஒரு சொலவடை உண்டு: ‘துளசியில் பாங், பாங்கில் துளசி.’ நல்ல குலத்தில் ஒரு கழிசடை, கழிசடைகள் நடுவே ஒரு நல்லவன் என்பதற்கு இதைச் சொல்வார்கள். இரண்டு செடிகளும் ஒரே வீட்டுப் பேச்சில் இடம்பிடிக்கும் அளவுக்குப் பழக்கமானவை என்பதற்கு இந்த ஒரு சொலவடை போதும்.

விற்பனை உரிமம் 1878ஆம் ஆண்டு பம்பாய் ஆப்காரிச் சட்டத்தின் கீழ். கடை ஏலம் போகும், அரசுக்கு வரி வரும். குழுவின் தீர்ப்பை எடைபோடுகிறபோது இந்த வரியை மறந்துவிடக் கூடாது.

சாட்சிகள் சொன்னதில் மருந்துப் பேச்சுதான் சுவாரசியமானது. வைத்தியர்களும் ஹக்கீம்களும் மட்டுமல்ல, ஆங்கில மருத்துவம் படித்தவர்களும் கஞ்சாவை மருந்தாகப் பார்த்தார்கள். பேதி, வயிற்றுக் கடுப்பு, பசியின்மை, ஆஸ்துமா, தூக்கமின்மை, மூட்டுவலி எனப் பட்டியல் நீள்கிறது. சதுப்பு நிலங்களில் காய்ச்சல் வராமலிருக்கப் பாங் குடிப்போம் என்று சிலர் சொன்னார்கள். களைத்த மாட்டுக்கும் கழிச்சல் கண்ட மாட்டுக்கும் உருண்டை பிடித்துக் கொடுப்போம் என்று பலர் சொன்னார்கள். காய்ச்சலைத் தடுக்கும் என்பதற்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. வயிற்றின் அசைவை அது மந்தப்படுத்தும் என்பதும், வாந்தி உணர்வைத் தணிக்கும் என்பதும் பின்னாளில் ஆய்வகத்தில் உறுதியானவை. நாட்டு வைத்தியம் பாதி சரி என்று இங்கே சொல்லலாம். எந்தப் பாதி என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நூறு ஆண்டுகள் ஆயின.

ஆங்கில மருத்துவத்துக்குள் கஞ்சாவை அழைத்துவந்த ஓ’ஷானஸியை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. 1839இல் கல்கத்தாவில் அவர் முதலில் ஒரு நாய்க்குக் கொடுத்துப் பார்த்தார். அது அரை மணி நேரத்தில் கிறங்கி, நடுநடுவே விழித்து, உலகமே தனக்குச் சொந்தம் என்பது போல வாலாட்டியது. பிறகு ரணஜன்னிக்கும் வாந்திபேதிக்கும் வலிப்புக்கும் கொடுத்தார். வெறிநாய் கடித்த ஒரு ஹக்கீமுக்கும் கொடுத்தார். ஹக்கீம் பிழைக்கவில்லை. ஆனால் தண்ணீரைக் கண்டால் அலறுகிற அந்த நோயில், சாகும் வரை ஓரளவு அமைதியாக இருந்தார். ஓ’ஷானஸி அதை வெற்றி என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஆறுதல் என்றுதான் எழுதினார். மருத்துவத்தில் இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் அன்றும் குறைவு.

லண்டனில் ஸ்குவையர் என்ற மருந்துக்காரர் அதை டிங்சராக்கி விற்றார். ஆனால் ஒரு புட்டி உறங்கவைக்கும், அடுத்த புட்டி ஒன்றும் செய்யாது, மூன்றாவது புட்டி ஆளைக் கலங்கடிக்கும். சரக்குக்குச் சரக்கு வீரியம் மாறியது. போதாக்குறைக்கு, தண்ணீரில் கரையாத பொருள் என்பதால் ஊசியில் ஏற்ற முடியவில்லை. மார்ஃபினை ஊசியில் ஏற்றலாம், அளவும் சொன்னபடி கேட்கும். மருத்துவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். 1932இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்து கஞ்சா வெளியேறியதற்கு ஒழுக்கத்தைவிட இந்த அளவுச் சிக்கல்தான் பெரிய காரணம்.

அபினி வேறு கதை என்றாலும், பூனாவில் அதைத் தவிர்க்க முடியாது. ஊரின் பெரிய மருத்துவமனையான சசூன், 1860களில் டேவிட் சசூன் கொடுத்த கொடையில் எழுந்தது. அவருடைய செல்வத்தின் ஒரு பகுதி சீன அபினி வணிகத்திலிருந்து வந்தது. பூனாவில் இறந்த அவர், தாமே கட்டுவித்த சிவப்புச் செங்கல் யூதக் கோயிலின் வளாகத்தில் உறங்குகிறார். ஊர் அதை ‘லால் தேவள்’ என்கிறது.

சாட்சியங்களின் பின்னிணைப்பில் ஒரு விசித்திரமான கட்டுரை கிடக்கிறது. எழுதியவர் ஜே. எம். கேம்ப்பெல். பூனா மாவட்ட கெஸட்டியர் உட்பட பம்பாய் மாகாண கெஸட்டியர்களைத் தொகுத்த அதே ஆள், அப்போது பம்பாயில் சுங்கம், அபினி அதிகாரி. வரி அதிகாரி வரியைப் பற்றி எழுதுவார் என்று எதிர்பார்த்தால், அவர் கஞ்சாவின் மதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சிவனுக்கு உகந்த இலை, கனவில் கண்டால் நல்ல சகுனம், அதைத் தடை செய்தால் சாதுக்களின் சாபம் வரும் என்று ஒரு பக்தனின் குரலில் போகிறது கட்டுரை. தமிழ் வாசகருக்கு இதில் ஒரு நெருக்கமும் உண்டு. நம் சித்த வைத்தியர்கள் கஞ்சாவுக்கு இட்ட பெயர் கோரக்கர் மூலி. நாகப்பட்டினத்தை அடுத்த வடக்குப் பொய்கைநல்லூரில் கோரக்கர் சமாதி இருக்கிறது. வடக்கே அவர் கோரக்நாதர். அவருடைய சீடர் கஹினிநாதர், அவரிடம் உபதேசம் பெற்றவர் நிவிருத்திநாதர், அவருடைய தம்பிதான் பூனாவுக்குப் பக்கத்து ஆளந்தியில் சமாதியான ஞானேஸ்வர். ஆளந்தியின் வார்க்கரி பக்தர்களுக்குக் கஞ்சாவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அவர்களுக்குத் துளசி மாலைதான் அடையாளம். ஒரே குரு மரபில் ஒரு கிளை சிலிமைப் பிடித்தது, இன்னொரு கிளை துளசியைக் கட்டிக்கொண்டது. மராட்டிச் சொலவடை இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இனி அந்தக் கட்டத்துக்கு வருவோம்.

1892ஆம் ஆண்டில் நாட்டின் விடுதிகளில் சேர்ந்தவர்கள் 1,344 பேர். அவர்களில் 222 பேருக்குக் ‘காரணம்’ கட்டத்தில் கஞ்சா அல்லது அதன் உறவுகள். ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். தடை கேட்டவர்களின் கையில் இருந்த பெரிய ஆயுதம் இதுதான். குழு ஓர் எளிய வேலை செய்தது. 222 பேரையும் ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் ஊருக்கு எழுதி, வீட்டாரை விசாரித்து வரச் சொன்னது. இவர் உண்மையில் கஞ்சா குடித்தாரா? எவ்வளவு? பித்து பிடித்தது அதற்கு முன்பா, பின்பா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?

பதில்கள் வர வர எண்ணிக்கை கரைந்தது. சிலர் கஞ்சாவையே தொட்டதில்லை. சிலருக்குத் தகப்பனோ தாய்மாமனோ இதே நிலையில் இருந்தவர்கள். சிலர் புத்தி தடுமாறிய பிறகுதான் சிலிமைத் தேடிப் போனவர்கள், அங்கே கஞ்சா நோயின் அறிகுறியே தவிர வேர் அல்ல. சிலர் சாராயமும் சேர்த்துக் குடித்தவர்கள். சில இடங்களில் கஞ்சாவில் ஊமத்தை விதை கலந்திருந்தது, ஊமத்தை தனியாகவே ஆளைப் பிதற்றவைக்கும். வடிகட்டிப் பார்த்தபோது கஞ்சாவை மட்டும் காரணமாகச் சொல்லக்கூடியவர்கள் 61 பேர். வேறு காரணங்களோடு சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள் 37 பேர். மொத்தம் 98, அதாவது 7.3 சதவீதம். பேரேட்டில் இருந்ததில் பாதிக்கு மேல் காற்றில் போய்விட்டது.

மூளையில் ஏதாவது தடயம் இருக்குமா என்றும் பார்த்தார்கள். கல்கத்தாவில் டி. டி. கன்னிங்ஹாம் ஒரு குரங்கை மாதக்கணக்கில் கஞ்சாப் புகையில் உட்காரவைத்தார். கடைசியில் அறுத்துப் பார்த்தபோது மூளையில் புண் எதுவும் தெரியவில்லை. அன்றைய நுண்ணோக்கியால் பார்க்க முடிந்தது அவ்வளவுதான். குரங்குக்கும் 70 கேள்விகள் அனுப்பியிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கக்கூடும்.

1894 ஆகஸ்டில் அறிக்கை முடிந்தது. ஏழு தொகுதிகள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். மிதமாகக் குடிப்பவருக்கு உடலிலோ புத்தியிலோ ஒழுக்கத்திலோ பெரிய கேடு இல்லை, மிதமிஞ்சினால் கேடு உண்டு, ஏற்கெனவே மனம் பலவீனமானவருக்குப் பித்தும் வரலாம், ஆனால் முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும். இதுதான் சாரம். ராயும் நிஹால் சந்தும் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். பெரும்பான்மையினர் தீமையைக் குறைத்துப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. கஞ்சாவை ஆதரிக்கிற இன்றைய எழுத்தாளர்கள் இந்த அறிக்கையைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், அந்த இரண்டு இந்தியர்களின் பெயரை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். வரி வாங்குகிற அரசுக்கு ‘வரி போதும்’ என்ற முடிவு கசக்காது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருந்தாலும், 222 பேரின் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்த அந்த ஒரு வேலைக்காக இந்த அறிக்கைக்கு மரியாதை செய்தாக வேண்டும். அந்தக் காலத்தில் வேறு எந்த நாடும் கஞ்சாவைப் பற்றி இத்தனை பேரைக் கேட்கவில்லை.

உலகம் அதைப் படிக்கவில்லை. 1924–25இல் நடந்த ஜெனீவா அபினி மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி எல் குவிந்தி எழுந்து, தன் நாட்டுப் பைத்தியங்களில் பெரும்பகுதி ஹஷீஷால் வந்தது என்று முழங்கினார். மீண்டும் அதே கட்டம், இந்த முறை கெய்ரோ மருத்துவமனையின் கட்டம். கஞ்சா சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1961 ஒப்பந்தம் பழைய வழக்கத்தை விட்டொழிக்க நாடுகளுக்கு 25 ஆண்டுகள் தந்தது. இந்தியா 1985 நவம்பரில் போதைப் பொருள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பூங்கொத்தும் பிசினும் குற்றமாயின. பூ சேராத இலை அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்கு வெளியே நின்றது. பாங் பிழைத்தது அப்படித்தான். மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இருப்பதால் பாங்குக்கும் உரிமம் வேண்டும்.

அப்படியானால் அந்தப் போலீஸ்காரர் எழுதியது முழுப் பொய்யா? அதுவும் இல்லை. 1987இல் ஸ்வீடனில், ராணுவத்துக்கு ஆளெடுத்தபோது விசாரித்த 45,570 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளிவந்தது. 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களிடம் மனச்சிதைவு நோய் மற்றவர்களைப் போல ஆறு மடங்கு காணப்பட்டது. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடந்த ஆய்வில், வீரியம் மிகுந்த சரக்கைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. எது முந்தி, எது பிந்தி என்ற பழைய வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் சின்ன வயதில் தொடங்குவதும், தினமும் குடிப்பதும், வீரியம் கூடக்கூட ஆபத்து கூடுவதும் இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்பவை. அந்த 98 பேர் கற்பனை அல்ல.

வாந்தியை நிறுத்துகிற அதே செடி வாந்தியை உண்டாக்கவும் செய்யும். 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஒரு புது நோயை விவரித்தார்கள். பல ஆண்டுகள் தினமும் கஞ்சா குடித்தவர்கள் திடீரென்று நாள் முழுக்க வாந்தி எடுக்கிறார்கள். எந்த மருந்துக்கும் கேட்பதில்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நின்றால் மட்டும் கொஞ்சம் அடங்குகிறது. குழாயடியே கதியென்று கிடக்கிற நோயாளிகளைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் இதை அடையாளம் கண்டார்கள்.

செடி உடலுக்குள் என்ன செய்கிறது என்பது 1964க்குப் பிறகுதான் துலங்கத் தொடங்கியது. இஸ்ரேலின் ரெஹோவோத்தில் ரஃபேல் மெக்கூலம், போலீஸ் பிடித்துவைத்திருந்த ஹஷீஷைக் கேட்டு வாங்கி வந்து, அதிலிருந்து மயக்கும் பொருளான டி.எச்.சி.யைப் பிரித்தார். 1988இல் அது மூளையில் ஒட்டுகிற இடம் தெரிந்தது. மனித உடல் கஞ்சாவுக்காக ஒரு பூட்டைச் செய்து வைத்திருக்காதே, அப்படியானால் உள்ளேயே ஒரு சாவி இருக்க வேண்டும். 1992இல் அதுவும் கிடைத்தது. அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஆனந்தம்தான்.

அந்தப் பூட்டை அடைத்தால் என்ன ஆகும்? கஞ்சா பசியைத் தூண்டுமென்றால், பூட்டை அடைத்தால் பசி அடங்கி உடல் இளைக்குமே என்று மருந்து நிறுவனங்கள் கணக்குப் போட்டன. 2006இல் ரிமோனபன்ட் என்ற மாத்திரை ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. ஆட்கள் இளைத்தார்கள். கூடவே மனச்சோர்விலும் விழுந்தார்கள், தற்கொலை எண்ணம் வரை போனார்கள். 2008இல் அங்கே விற்பனை நின்றது, 2009 டிசம்பரில் இந்தியாவும் தடை செய்தது. பூட்டை அதிகம் திறந்தாலும் கேடு, இறுக மூடினாலும் கேடு என்று தெரிந்துகொள்ள ஒரு மாத்திரை பலியாக வேண்டியிருந்தது.

பலியான மாத்திரை புணேயில் மறுபிறவி எடுத்தது. பாஷாண் சாலையில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் டி. சீனிவாச ரெட்டியின் குழு, ரிமோனபன்ட் மூலக்கூறில் கரி அணு இருந்த இடத்தில் சிலிக்கான் அணுவை வைத்துப் பார்த்தது. அப்படிச் செய்தவற்றில் சில, சோதனைக் குழாயில் காசநோய்க் கிருமியைக் கொன்றன. 2016இல் அந்த ஆய்வு வெளியானது. மருந்துக் கடைக்கு இன்னும் வெகு தூரம். ரெட்டி பின்னர் ஜம்முவில் உள்ள மத்திய ஆய்வகத்தின் இயக்குநரானார். வலிக்கும் வலிப்புக்கும் மருந்து தேடி, அரசு அனுமதியோடு கஞ்சா பயிரிட்டு ஆராய்கிற இடம் அதுதான்.

மருந்தாக இன்று கஞ்சாவுக்கு உறுதியாகக் கிடைத்திருக்கிற இடம் சிறியது, ஆனால் உண்மையானது. கஞ்சாவில் உள்ள, மயக்கம் தராத பொருளான சி.பி.டி.யை, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கும், தண்டுவட மரப்பு நோயில் தசை இறுகுவதற்கும் டி.எச்.சி. சார்ந்த மருந்துகள் உள்ளன. நாள்பட்ட வலியில் பயன் கொஞ்சம்தான். புற்றுநோயையே குணமாக்கும் என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பி சிகிச்சையைக் கைவிட்டவர்களுக்கு நேர்ந்தது நஷ்டம் மட்டுமே. ஆயுர்வேதமும் சித்தமும் இதைத் தடையில்லாமல் பயன்படுத்தலாம் என்று நினைப்பதும் தவறு. மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப் பட்டியலில் பாங், கஞ்சா இரண்டும் இருக்கின்றன. மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று சீட்டில் அச்சிட்டாக வேண்டும்.

ஹர்நாம் சிங்கின் மகளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். அம்ரித் கௌர் முன்னின்று உருவாக்கிய டெல்லி எய்ம்ஸ்தான், அப்பா உட்கார்ந்த குழுவுக்கு 125 ஆண்டுகள் கழித்து, நாட்டின் போதைக் கணக்கை மீண்டும் எடுத்தது. 2019இல் வந்த அந்த அறிக்கையின்படி ஓராண்டில் பாங்கோ கஞ்சாவோ சரஸோ பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடி. பாங் குடித்தவர்கள் சுமார் 2.2 கோடி, கஞ்சாவும் சரஸும் சுமார் 1.3 கோடி. இரண்டையும் தொட்டவர்கள் உண்டு என்பதால் கூட்டல் இடிக்கும். சிகிச்சை தேவைப்படும் அளவுக்குச் சிக்கிக்கொண்டவர்கள் சுமார் 72 லட்சம். இந்த முறை கணக்கெடுத்தவர்கள் வீடு வீடாகப் போனார்கள், போலீஸ் காகிதத்தை நம்பவில்லை.

இன்று இந்தியாவில் ஒரு மனநல மருத்துவர் கஞ்சாவால் வந்த கோளாறு என்று முடிவுகட்டினால் சர்வதேச நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பின்படி ‘எஃப் 12’ என்று குறிப்பார். அதை எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியவை வரையறுக்கப்பட்டிருக்கின்றன: எப்போது தொடங்கியது, எவ்வளவு, நிறுத்திய பிறகும் குழப்பம் நீடிக்கிறதா, வீட்டில் யாருக்காவது உண்டா. 1893இல் 222 வீடுகளுக்கு எழுதிக் கேட்ட அதே கேள்விகள். பதில் சொல்வது இன்றும் பெரும்பாலும் நோயாளி அல்ல, கூட வந்த அம்மாவோ அண்ணனோதான்.

குழு மதராஸ் மாகாணத்துக்கும் கேள்விகளை அனுப்பியது. அங்கிருந்து வந்த பதில்களில் இரண்டு இடங்களின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று கிருஷ்ணா மாவட்டத்துச் சந்தராவூர். மற்றொன்று வட ஆற்காட்டு ஜவ்வாது மலை. அங்கே கஞ்சா விளைவித்த ‘மலையாளி’ மலைவாசிகளையும், கலெக்டர் கச்சேரி அவர்களுக்காக வகுத்த சட்டத்தையும் அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

(தொடரும்)